டைட்டனோசாரஸ் முதல் டிப்ளோடோகஸ் வரை: பழைய டைனோசர் பெயர்களில் நிலைத்தவையும் வீழ்ந்தவையும்

19ஆம் நூற்றாண்டில் டைனோசர்களுக்குச் சூட்டப்பட்ட அறிவியல் பெயர்களில் பெரும்பகுதி இன்று செல்லுபடியாவதில்லை. சில பெயர்கள் வேறு பெயர்களுக்குள் அடங்கிவிட்டன. இன்னும் சில, எந்த விலங்கைக் குறிக்கின்றன என்றே சொல்ல முடியாத நிலைக்கு வந்துவிட்டன. பிரிட்டிஷ் தொல்லுயிரியலாளர் மைக்கேல் பென்டன் 2008இல் இந்தப் பெயர்கள் அனைத்தையும் ஆராய்ந்தார். அதுவரை இடப்பட்டிருந்த டைனோசர் சிற்றினப் பெயர்களில் ஏறத்தாழ பாதி நிற்காது என்பது அவர் கண்ட முடிவு. 1820களிலிருந்து 1950கள் வரை இடப்பட்ட பெயர்களில் பெரும்பாலானவை உடைந்த, அரைகுறையான எலும்புகளை நம்பி இடப்பட்டவை. 1960க்குப் பிறகு முழுமையான எலும்புக்கூடுகளுக்குப் பெயரிடும் வழக்கம் வலுப்பட்டது. அந்தப் பெயர்கள் நிலைக்கும் வாய்ப்பும் கூடியது.

பெயர் நிலைப்பதையும் வீழ்வதையும் தனிமனித விருப்பம் தீர்மானிப்பதில்லை. அதற்கு ஒரு விதித்தொகுப்பு உண்டு. சுவீடனின் லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட நூலின் பத்தாம் பதிப்பே விலங்குப் பெயர்கள் அனைத்துக்கும் தொடக்கம். அதற்கு முந்தைய பெயர்கள் கணக்கில் வருவதில்லை. ஹியூ ஸ்ட்ரிக்லண்ட் தலைமையில் 1842இல் பிரிட்டனில் முதல் முறையான பெயரீட்டு விதிகள் எழுதப்பட்டன. அந்தக் குழுவில் சார்லஸ் டார்வினும் இருந்தார். அதே 1842இல்தான் ரிச்சர்ட் ஓவன் ‘டைனோசாரியா’ என்ற தொகுதிப் பெயரை அச்சேற்றினார். ஆக, டைனோசர்களுக்குப் பொதுப்பெயர் கிடைத்ததும் விலங்குகளுக்குப் பெயரிடும் சட்டம் பிறந்ததும் ஒரே ஆண்டில். பல நாட்டு அறிஞர்கள் சேர்ந்து வழக்குகளைத் தீர்க்கும் பன்னாட்டு விலங்கியல் பெயரீட்டு ஆணையம் 1895இல் அமைந்தது. இன்று நடப்பில் உள்ள நான்காம் பதிப்பு விதித்தொகுப்பு 2000 ஜனவரி 1 முதல் செயல்படுகிறது.

இந்த ஆணையத்தின் வரலாற்றில் சிங்கப்பூருக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. நெடுங்காலம் லண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் இயங்கிய அதன் செயலகம், நிதி நெருக்கடி முற்றிய 2013ஆம் ஆண்டுவாக்கில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆதரவைப் பெற்றது. கென்ட் ரிட்ஜில் உள்ள லீ கோங் சியன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தின் முகவரியே அதன் முகவரியாயிற்று. அந்த அரும்பொருளகத்தை உருவாக்கி நடத்திய நண்டு ஆய்வாளர் பீட்டர் இங் ஆணையத்தின் உறுப்பினராகவும் பணியாற்றியவர். உலகின் எந்த மூலையில் ஒரு விலங்கின் பெயர் வழக்குக்கு வந்தாலும், அந்த மனு சிங்கப்பூர் முகவரி கொண்ட செயலகத்தின் வழியாகச் செல்லும் நிலை இப்படித்தான் ஏற்பட்டது. இந்நகரத் தமிழர்களில் பலர் அறியாத செய்தி இது. அறிந்து பெருமைப்படத் தக்கதும்கூட.

விதிகளில் முதன்மையானது முந்துரிமை. ஒரே விலங்குக்கு இரண்டு பெயர்கள் இருந்தால் முதலில் அச்சில் வந்ததே நிற்கும். இதை விளக்க சிங்கப்பூரின் தொடக்கக்காலத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. சிங்கப்பூரின் முதல் ரெசிடென்டாக 1819இல் பொறுப்பேற்ற வில்லியம் ஃபார்குவார், அதற்கு முன் மலாக்காவில் இருந்தபோதே மலாயா டாப்பிரைப் பற்றி விரிவாக எழுதி, 1816இல் கல்கத்தாவின் ஆசியக் கழகத்துக்கு அனுப்பியிருந்தார். அது அச்சாகத் தாமதமானது. இதற்கிடையில் தியார் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் வழியாகச் செய்தி பாரிசுக்கு எட்டியது. 1819இல் தெமாரே அந்த விலங்குக்கு ‘டாப்பிரஸ் இண்டிகஸ்’ என்று பெயரிட்டு வெளியிட்டார். இருநூறு ஆண்டுகள் கடந்தும் அந்தப் பெயரே வழக்கில் உள்ளது. ஆசிரியர் என்ற இடத்தில் தெமாரேயின் பெயர்தான் நிற்கிறது. முதலில் ஆராய்ந்து எழுதியவருக்கு இது வேதனையாக இருந்திருக்கும். ஆனால் அச்சுத் தேதி ஒன்றைத்தான் எல்லா நாட்டவரும் சரிபார்க்க முடியும். அதனால் விதி அதையே பிடித்துக்கொள்கிறது.

சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் இட்ட பெயர்கள் சில நன்றாகவே நிலைத்தன. புக்கிட் தீமா காட்டோரம் நடப்பவர்கள் நாள்தோறும் காணும் நீண்டவால் குரங்குக்கு 1821இல் அவர் ‘சிமியா ஃபாசிகுலாரிஸ்’ என்று பெயரிட்டார். பின்னாளில் அது மகாகா என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டது. பேரினம் மாறினாலும் ‘ஃபாசிகுலாரிஸ்’ என்ற சிற்றினச் சொல் அப்படியே தொடர்கிறது. இப்படி இடம் மாறிய பெயர்களில் முதலில் பெயரிட்டவரின் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வரும். டைனோசர்களிலும் இதே முறைதான்.

குரங்குக்கும் டாப்பிருக்கும் முந்துரிமை போதும். உயிரோடு உள்ள விலங்கை மறுபடி பிடித்துப் பார்க்கலாம், படம் எடுக்கலாம், பழைய விவரிப்போடு ஒப்பிடலாம். அழிந்துபோன விலங்குக்கு அந்த வசதி இல்லை. அதன் பெயர் முழுக்க முழுக்க ‘வகை மாதிரி’ எனப்படும் எலும்பை நம்பி நிற்கிறது. பெயரிடுபவர் இந்த எலும்புக்கே பெயரிட்டேன் என்று சுட்டிக்காட்டும் அந்த ஒரு மாதிரிதான் பெயருக்கு ஆதாரம். அந்த எலும்பில் மற்ற எந்த விலங்கிலும் இல்லாத ஏதாவது ஓர் அடையாளம் இருக்க வேண்டும். இல்லையென்றால், விதிப்படி எல்லாம் சரியாகச் செய்திருந்தாலும், அது ஐயத்துக்குரிய பெயர் என்று ஒதுக்கப்படும். பெயர் சட்டப்படி கிடைப்பது ஒன்று, அறிவியல்படி பயன்படுவது வேறொன்று. பழைய டைனோசர் பெயர்கள் பலவும் முதல் படியைத் தாண்டி இரண்டாவதில் விழுந்தவை.

உலகின் முதல் டைனோசர் பெயரான ‘மெகலோசாரஸ்’ இரண்டு படிகளையும் தாண்டியது. ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே ஸ்டோன்ஸ்ஃபீல்டில் கிடைத்த எலும்புகளுக்கு வில்லியம் பக்லண்ட் 1824இல் அந்தப் பேரினப் பெயரை இட்டார். சிற்றினப் பெயர் இடவில்லை. 1827இல் கிதியன் மான்டெல் அதை நிரப்பினார். அதன்பின் ஐரோப்பாவிலும் வெளியிலும் எங்கு பெரிய ஊனுண்ணிப் பல் கிடைத்தாலும் மெகலோசாரஸ் என்று எழுதிவைக்கும் வழக்கம் வந்து, பெயரே பொருளிழக்கும் அளவுக்குப் போயிற்று. 2008இல் ரோஜர் பென்சன், பக்லண்டின் எலும்புகளில் பெயருக்கு ஆதாரமான தாடையெலும்பை நுணுக்கமாக ஆராய்ந்து, தனித்த அடையாளங்கள் இருப்பதை நிறுவினார். ஒட்டிக்கொண்ட மற்றவை உதிர்ந்தன, பெயர் தப்பியது. மான்டெல் 1825இல் பற்களை வைத்துப் பெயரிட்ட ‘இகுவானோடான்’ அப்படித் தப்பவில்லை. அந்தப் பற்கள் பல விலங்குகளுக்குப் பொருந்துவதால், ஆணையம் 2000இல் தலையிட்டு, பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில் 1878இல் கிடைத்த முழு எலும்புக்கூடுகளின் சிற்றினத்தை அந்தப் பேரினத்துக்கு ஆதாரமாக்கியது. உலகறிந்த பெயர் ஒன்றைக் காப்பாற்ற அடித்தளத்தையே மாற்றிவைத்த செயல் அது.

இந்தியாவின் முதல் டைனோசர் பெயருக்கு இத்தகைய கைகொடுப்பு கிடைக்கவில்லை. வழிப்பறித் தக்கர்களை ஒடுக்கியவர் என்று பின்னாளில் பெயர்பெற்ற வில்லியம் ஹென்றி ஸ்லீமன், 1828இல் ஜபல்பூரில் சில புதைபடிவ எலும்புகளைக் கண்டெடுத்தார். டைனோசர் என்ற சொல்லே பிறப்பதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. அவர் அவற்றை மருத்துவர் ஸ்பில்ஸ்பரியிடம் கொடுக்க, 1832இல் அவை கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்செப்பிடம் சேர்ந்தன. அசோகரின் பிராமி எழுத்தைப் படித்துக்காட்டிய அதே பிரின்செப்தான். எலும்புகள் பின்னர் இந்திய அருங்காட்சியகத்துக்குச் சென்றன. ஹியூ ஃபால்கனர் அவற்றை ஆராய்ந்து எழுதிய குறிப்பு அவர் மறைவுக்குப் பின் 1868இல் அச்சானது. கடைசியில் 1877இல், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் லைடெக்கர் ‘டைட்டனோசாரஸ் இண்டிகஸ்’ என்று பெயரிட்டார். ஸ்லீமன் எடுத்த வால் முள்ளெலும்புகள் இரண்டும், பின்னர் கிடைத்த ஒரு தொடை எலும்பும்தான் அவர் முன் இருந்தவை.

லைடெக்கரின் முடிவு அன்றைய அளவில் மிகச் சரியானது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனெனில் பின்னால் வீழ்ந்த பெயர்களை இட்டவர்களை அவசரக்காரர்கள் என்று ஏளனம் செய்யும் பழக்கம் பரவலாக உள்ளது. அந்த வால் எலும்புகளின் முன்முகம் குழிந்தும் பின்முகம் உருண்டு புடைத்தும் இருந்தன. அன்று அறியப்பட்டிருந்த வேறு எந்தப் பெருந்தாவர உண்ணி டைனோசரிலும் அத்தகைய வால் இல்லை. எனவே புதிய பேரினம் என்று அவர் அறிவித்ததில் பிழை ஏதுமில்லை. ஆனால் அடுத்த நூறு ஆண்டுகளில் அர்ஜென்டினா, மடகாஸ்கர், ஐரோப்பா, லாவோஸ் என்று எங்கும் அதே வகை வால் எலும்புகள் வந்துகொண்டே இருந்தன. அவற்றையெல்லாம் டைட்டனோசாரஸ் என்று அழைக்க, ஒரே பேரினத்தின் கீழ் 14 சிற்றினங்கள் சேர்ந்தன. அவற்றின் காலப்பரப்பு 6 கோடி ஆண்டுகள்.

2003இல் ஜெஃப்ரி வில்சனும் பால் அப்சர்ச்சும் இந்தக் குவியலைப் பிரித்தார்கள். ஜபல்பூர் எலும்பின் தனித்த அடையாளம் என்று கருதப்பட்டது ஒரு பெரும் தொகுதி முழுவதற்கும் பொதுவானது என்று தெரிந்துவிட்டதால், டைட்டனோசாரஸ் இண்டிகஸ் இனி எந்த ஒரு விலங்கையும் தனியே சுட்டாது என்பது அவர்கள் தீர்ப்பு. 14இல் 5 மட்டுமே தனித்த சிற்றினங்களாகத் தேறின. அந்தப் பேரினத்தை அடிப்படையாகக் கொண்ட குடும்பப் பெயரையும் கைவிடுமாறு அவர்கள் பரிந்துரைத்தனர். ஆனால் ‘டைட்டனோசாரியா’ என்ற பெருந்தொகுதிப் பெயர் இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. குடும்ப நிலைக்கு மிக மேலே உள்ள தொகுதிப் பெயர்களை விதித்தொகுப்பு கட்டுப்படுத்துவதில்லை என்பதே காரணம். உலகின் மிகப்பெரிய நிலவாழ் விலங்குகள் பலவும் ஜபல்பூர் வால் எலும்பிலிருந்து பிறந்த பெயரையே தாங்கி நிற்கின்றன. அந்த எலும்புக்கோ சொந்தமாக ஒரு செல்லுபடியாகும் பெயர் இல்லை.

எலும்பும் நெடுநாள் காணாமற்போயிருந்தது. 2012இல் கொல்கத்தாவில் நிலவியல் ஆய்வுத்துறையின் சேகரிப்புகளைத் தேடியபோது மூல வால் எலும்புகளில் ஒன்று மீண்டும் கிடைத்தது. தனஞ்சய் மொஹாபே, சுபாசிஸ் சென், வில்சன் ஆகியோர் 2013இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் அதை அறிவித்தனர். பெயரை வீழ்த்திய ஆய்வாளர்களில் ஒருவரே எலும்பைத் தேடிக் கண்டெடுத்தவர்களில் ஒருவராக இருந்தது இந்தத் துறையின் நேர்மைக்கு நல்ல சான்று.

டைட்டனோசாரஸுக்குப் பின் ஜபல்பூரிலும் இந்தியாவின் பிற இடங்களிலும் இடப்பட்ட பெயர்களின் கதி பலவிதம். சார்லஸ் மாட்லி 1923இல் பெயரிட்ட ‘லாமெட்டாசாரஸ் இண்டிகஸ்’ ஒன்றுக்கு மேற்பட்ட விலங்குகளின் எலும்புகளைக் கலந்து உருவான பெயர் என்று பின்னர் சந்தேகிக்கப்பட்டது. அந்த எலும்புகளில் பெரும்பாலானவை இப்போது இல்லாததால் தீர்ப்புக்கும் வழியில்லை. ஜெர்மானியரான ஃபிரீட்ரிச் ஃபான் ஹியூனவும் மாட்லியும் 1933இல் இட்ட ‘அன்டார்க்டோசாரஸ் செப்டென்ட்ரியோனாலிஸ்’ நல்ல வழியில் திருத்தப்பட்டது. மூளைப்பேழை எலும்பு உட்படப் போதிய எலும்புகள் இருந்ததால், 1995இல் அதற்கு இந்திய ஆய்வாளர் சோஹன் லால் ஜெயினின் பெயரால் ‘ஜெயினோசாரஸ்’ என்ற புதிய பேரினம் அமைந்தது. சிற்றினச் சொல் 1933இல் இருந்தபடியே நிற்கிறது. அதே ஜெயினும் சஸ்வதி பந்தோபாத்யாயும் 1997இல் மகாராஷ்டிரத்தின் டோங்கர்காவ் எலும்புக்கூட்டுக்கு ‘டைட்டனோசாரஸ் கோல்பெர்ட்டி’ என்று பெயரிட்டிருந்தார்கள். 2003இல் அது இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பெயரால் ‘இசிசாரஸ்’ பேரினத்துக்கு மாறியது. கோல்பெர்ட்டி என்ற சொல் தொடர்கிறது. ரவீந்திரநாத் தாகூர் நூற்றாண்டான 1961இல் கோதாவரிப் பள்ளத்தாக்கில் தோண்டத் தொடங்கி 1975இல் பெயரிடப்பட்ட ‘பாராபாசாரஸ் தாகோரை’க்கு எந்த ஆபத்தும் வரவில்லை. பல விலங்குகளின் எலும்புகள் நூற்றுக்கணக்கில் கிடைத்து, கொல்கத்தாவில் ஒழுங்காகக் காக்கப்படுவதே அதன் பலம்.

தமிழகத்தின் கதை இவ்வளவு நல்லபடியாக முடியவில்லை. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் கிரெட்டேசியப் பாறைகளை வரைபடமாக்கிய ஹென்றி பிளான்ஃபோர்டு, 1862இல் அங்கு கிடைத்த ஒரு பல்லை மெகலோசாரஸ் வகையென்று பதிவுசெய்தார். தென்னிந்தியாவின் முதல் டைனோசர் பதிவு அதுவே. உத்தட்டூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அவர் வகுத்த பாறைத் தொகுதிப் பெயர்கள் இன்றும் நிலவியல் நூல்களில் உள்ளன. மாட்லியும் 1929இல் இந்தப் பகுதியின் டைனோசர் எலும்புகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அதன்பின் அரைநூற்றாண்டு இடைவெளி.

1979இல் பி. யாதகிரியும் கே. அய்யாசாமியும் ‘திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி’ என்ற பெயரை அறிவித்தார்கள். முதுகில் தகடுகள் கொண்ட ஸ்டெகோசாரஸ் இனத்தைச் சேர்ந்தது அது என்பது அவர்கள் கருத்து. பிற நாடுகளில் அந்த இனம் மறைந்து நெடுங்காலம் கழிந்த பிறகு தமிழகத்தில் அது வாழ்ந்திருந்தால் அது பெரிய செய்தி. 1996இல் சங்கர் சாட்டர்ஜியும் ருத்ராவும் அதை மறுத்து, அவை ப்ளெசியோசார் எனப்படும் கடல் ஊர்வனவற்றின் எலும்புகள் என்றனர். பெயர் சட்டப்படி உள்ளது. அது டைனோசருக்குரியதா என்பதே வழக்கு.

அதைவிடப் பெரிய இழப்பு ‘புருகத்காயோசாரஸ் மாட்லியி’. அரியலூர் மாவட்டத்தின் கல்லமேடு பாறைப்படிவில் கிடைத்த எலும்புகளுக்கு அதே யாதகிரியும் அய்யாசாமியும் 1987இல் இந்தப் பெயரை இட்டனர். முதலில் அதை ஊனுண்ணி என்று கருதினார்கள். 1995இல் அது டைட்டனோசார் வகையைச் சேர்ந்த தாவர உண்ணி என்று சாட்டர்ஜி சுட்டினார். அதன் கீழ்க்கால் எலும்பின் நீளம் 2 மீட்டர் என்று பதிவாகியுள்ளது. அந்த அளவு சரியானால் நிலத்தில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று அரியலூர் மண்ணில் வாழ்ந்தது. 2023இல் கிரெகரி பாலும் அசியர் லராமெண்டியும் அதன் எடையை 100 டன்னுக்கு மேல் மதிப்பிட்டனர். ஆனால் எலும்புகள் இல்லை. அவை நொறுங்கி அழிந்துவிட்டதை 2017இல் வெளியான கட்டுரை ஒன்று தெரிவித்தது. எஞ்சியவை சில கோட்டோவியங்களும் மங்கலான படங்களும் மட்டுமே. இவ்வளவு பெரிய கூற்றை அவ்வளவு மெலிந்த சான்றின்மேல் நிறுத்த முடியாமல் ஆய்வாளர்கள் தவிக்கிறார்கள். அதே கல்லமேட்டில் இன்னொரு எலும்புக்கூடு கிடைக்கும்வரை இந்தப் பெயர் தொங்கலில்தான் இருக்கும்.

எலும்பைக் காப்பது பெயரிடுவதற்கு இணையான கடமை என்பதைச் சிங்கப்பூரின் சேகரிப்பு வேறு திசையிலிருந்து காட்டுகிறது. 1874இல் ராஃபிள்ஸ் நூலகமும் அரும்பொருளகமும் உருவாயின; தேக்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய ஸ்டாம்ஃபோர்ட் சாலைக் கட்டடம் 1887இல் திறக்கப்பட்டது. ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போதும் அதன் விலங்கியல் மாதிரிகள் பெரும்பாலும் தப்பின. பெரிய ஆபத்து அமைதிக்காலத்தில்தான் வந்தது. 1970களின் தொடக்கத்தில் அரும்பொருளகம் வரலாறு, கலை, பண்பாடு நோக்கித் திரும்ப, விலங்கியல் சேகரிப்புக்கு அங்கே இடமில்லாமற்போயிற்று. பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் அது இடம் விட்டு இடம் மாறி அலைந்தது. காப்பாளராக இருந்த யாங் சாங் மான் பல ஆண்டுகள் அதைச் சிதையாமல் பாதுகாத்தார். 1980களின் பிற்பகுதியில் கென்ட் ரிட்ஜில் அது நிலைபெற்றது; 1998இல் ராஃபிள்ஸ் பல்லுயிர் ஆய்வு அரும்பொருளகமாகவும் 2015இல் லீ கோங் சியன் இயற்கை வரலாற்று அரும்பொருளகமாகவும் வளர்ந்தது. தென்கிழக்காசிய விலங்குகள் பலவற்றின் வகை மாதிரிகள் அதில் உள்ளன. அன்று அவை கைவிடப்பட்டிருந்தால் எத்தனையோ பெயர்கள் புருகத்காயோசாரஸின் நிலைக்கு வந்திருக்கும்.

அந்த அரும்பொருளகத்தின் நடுவே நிற்கும் மூன்று எலும்புக்கூடுகள் சிங்கப்பூர் மண்ணில் கிடைத்தவை அல்ல. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் 2007க்கும் 2010க்கும் இடையே ஒரே இடத்தில் தோண்டி எடுக்கப்பட்டு, நன்கொடையாகத் திரட்டிய பணத்தில் வாங்கப்பட்டவை. பிரின்ஸ், அப்போலோனியா, ட்விங்கி என்பவை அவற்றின் செல்லப்பெயர்கள். முதல் இரண்டும் 20 மீட்டருக்கு மேல் நீளம். ட்விங்கி ஏறத்தாழ 12 மீட்டர். வயது சுமார் 15 கோடி ஆண்டுகள். அவற்றுக்குச் சிற்றினப் பெயர் சூட்டாமல், டிப்ளோடோகஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை என்ற அளவிலேயே அரும்பொருளகம் நிறுத்திக்கொண்டது. அந்தக் குடும்பத்தின் பெயர் வரலாற்றைப் பார்த்தால் இந்த நிதானத்தின் மதிப்பு புரியும்.

‘டிப்ளோடோகஸ் லாங்கஸ்’ என்ற பெயரை ஆத்னியல் மார்ஷ் 1878இல் கொலராடோவில் கிடைத்த சில வால் எலும்புகளுக்கு இட்டார். உலகம் அறிந்த டிப்ளோடோகஸ் அது இல்லை. 1901இல் ஜான் பெல் ஹாட்சர் வயோமிங் எலும்புக்கூட்டுக்குப் பெயரிட்ட ‘டிப்ளோடோகஸ் கார்னெகியி’தான் புகழ்பெற்றது, அதன் வார்ப்பு 1905இல் லண்டனுக்கும் பின்னர் பெர்லின், பாரிஸ் உள்ளிட்ட நகரங்களுக்கும் சென்றது. 2015இல் இமானுவேல் சோப், ஒக்டாவியோ மாத்தேயுஸ், ரோஜர் பென்சன் மூவரும் இந்தக் குடும்பம் முழுவதையும் ஆராய்ந்தபோது, மார்ஷின் வால் எலும்புகள் தனித்த அடையாளமற்றவை என்று கண்டனர். 1903இலிருந்து அபாடோசாரஸுக்குள் அடங்கியதாகக் கருதப்பட்ட ‘பிரான்டோசாரஸ்’ தனிப் பேரினம்தான் என்று மீட்டதும் அதே ஆய்வே. இகுவானோடானுக்குச் செய்ததுபோல, டிப்ளோடோகஸ் பேரினத்துக்கும் கார்னெகியியை ஆதாரமாக்க வேண்டும் என்று 2016இல் ஆணையத்திடம் மனு கொடுக்கப்பட்டது. 2018இல் ஆணையம் அதை ஏற்க மறுத்தது. எனவே டிப்ளோடோகஸ் பேரினமும், சிங்கப்பூரின் மூன்று எலும்புக்கூடுகள் சேர்ந்த குடும்பமும் இன்றும் 1878இன் ஐயத்துக்குரிய வால் எலும்புகளையே சட்டப்படி ஆதாரமாகக் கொண்டுள்ளன.

(தொடரும்)